பிரான்சு வீட்டுக்கு நெல்லித்தோப்பில் காய்ச்சிய பால்

அண்ணன் பிரான்சில் வீடு வாங்கினான். அதற்குப் புதுமனை புகுவிழா புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு முகம் சுடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து எங்கள் இரண்டு பேரையும் கல்லூரி வரை கொண்டுவந்து விட்டாள். அண்ணனுக்கு ஒரு சொல்தா வீட்டில் பெண் கொடுத்தார்கள். சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, அந்த அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிறவர். பெண்ணுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அண்ணனும் பாரிஸ் பக்கம் போய்ச் சேர்ந்தான். மாமனார் தயவில் பிழைக்கப் போனவன் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அம்மா காதில் விழும்படிதான் பேசுவார்கள். அதற்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா வைராக்கியமாக இருந்தாள்.

வீடு வாங்கப்போகிற செய்தியை அண்ணன் போனில்தான் சொன்னான். ரெசிதான்ஸ் என்று அங்கே சொல்வார்களாம். சுற்றிலும் உயரமான இரும்புக் கம்பி, முன்னால் ஒரு கேட், ராத்திரி பகல் காவல், உள்ளே செடிகொடியும் நாலு வெள்ளைக் கட்டிடங்களும். அதில் ஒரு கட்டிடத்தில் மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு அவனுடையது. எல்லாவற்றையும் நிதானமாகத்தான் விளக்கினான். அம்மா கேட்டையும் காவல்காரனையும் மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

மறுநாளே தெருக்குழாயடியில், "கேட்ல வெள்ளைக்காரன் நிக்கிறானாம், எம்புள்ள வந்தா கதவத் தொறந்து விடுவானாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதுவீட்டில் பால் காய்ச்சுவது எங்கள் பக்கம் நாத்தனார் உரிமை. வீட்டுக்காரனின் தங்கையோ அக்காளோ அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்கவிட்ட பிறகுதான் அந்த வீட்டில் சமையல். அண்ணனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு விசா கிடைக்க வழியில்லை. அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். நல்ல நேரத்தில் அண்ணன் அங்கே வலது காலை எடுத்து வைக்க வேண்டும், அதே நேரத்தில் நான் இங்கே பாலைப் பொங்கவிட வேண்டும், போன் நடுவில் இருக்கும். அண்ணன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"அம்மா, அங்க பதினோரு மணின்னா இங்க விடிஞ்சே இருக்காது. சாவி பத்து மணிக்கு மேலதான் குடுப்பாங்க."

"சாவி எதுக்குடா? கதவு சாத்தியிருந்தா சாத்தியிருக்கட்டும். வாசப்படில கால வெச்சுட்டு வந்துடு, போதும்."

வாசற்படிக்கு முன்னால் ஒரு கேட் இருக்கிறதே என்று எனக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசற்படியிலும் யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் போய் நிற்கலாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அண்ணன் என் மெயிலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். கேட்டும் நாலு கட்டிடமும் பூச்செடியுமாக அழகான படம். அம்மா அதைக் கொண்டுபோய் ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வருகிறேன், தெருமுனையில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய ஒரு பேனர். நாலு கட்டிடங்களுக்கு மேலே அவற்றின் உயரத்துக்குச் சமமாகக் கோட்டுப் போட்ட அண்ணன் கைகூப்பி நிற்கிறான். கீழே, 'பிரான்சு நாட்டில் எங்கள் இல்லப் புதுமனை புகுவிழா, அனைவரும் வருக'. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நாலு கட்டிடமும் அண்ணனுடையது என்றுதான் நினைத்தார்கள்.

"அம்மா, அது முழுசும் நம்பளது இல்லம்மா. எடுக்கச் சொல்லு."

"முழுசுன்னு நான் எழுதினேனா? அவங்களா நெனச்சிக்கிட்டா நான் என்னாடி பண்றது?"

கோபத்தில் அன்று சாப்பிடாமல் படுத்தேன், அவ்வளவுதான். பேனர் அங்கேயே இருந்தது.

அம்மா ஏன் இத்தனை பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும். தவளக்குப்பத்திலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். மாப்பிள்ளை ஊரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது தலையைக் குனிந்தபடியே இருந்து காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். எனக்கு அதிலேயே பிடித்துவிட்டது. அவருடைய அம்மாதான், யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. பேனரைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விழாவுக்கு நாங்களும் வருகிறோம் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனாலும் போவார்கள் என்று அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும்தான்.

அன்று காலை வீடு கொள்ளாத கூட்டம். கூடத்தின் நடுவில் கோலம் போட்டு, செங்கல் அடுக்கி, அதன்மேல் புதுப் பித்தளைப் பானை. பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் செல்போன். ஸ்பீக்கர் போட்டு, சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள். எதிரில் ஜமுக்காளத்தில் தவளக்குப்பத்து அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில் அண்ணனின் மாமனார். இஸ்திரி போட்ட வெள்ளைப் பேண்ட், பளபளக்கும் ஷூவைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார். வரும்போதே பேனரைப் பார்த்திருப்பார். மூன்றாவது மாடியில் ஒரே ஒரு வீடு என்பது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் கூடத்துக்கு வரவில்லை. நல்ல காரியத்துக்குத் தான் முன்னால் நிற்கக் கூடாது என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இவ்வளவையும் செய்தவள் அவள், அவளுக்கே இடம் கதவுக்குப் பின்னால்.

பால் சூடேறும்போது போன் அடித்தது. "பாப்பா, வந்துட்டேன். கேட்கிட்ட நிக்கிறேன்" என்றான் அண்ணன். பல் தந்தியடிப்பது கேட்டது. அண்ணிக்குக் காலை ஷிஃப்ட், அதனால் தனியாகத்தான் போயிருந்தான். கையில் சாமி படமும் ஒரு பால் பாத்திரமும் வைத்திருப்பதாகச் சொன்னான். கூட்டம் வாயை மூடிக்கொண்டு கேட்டது.

அப்போது போனில் இன்னொரு குரல், பிரெஞ்சில்.

நான் கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள். அந்தக் கூடத்தில் அது புரிந்தவர்கள் நானும் மாமனாரும் மட்டும்தான். அந்தக் குரல் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசியது. சாமான் கொண்டுவருகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், இந்த நேரத்தில் யார் வீட்டுக்கு என்று கேட்டது. இது என் வீடு முசே, ஐயா, என்றான் அண்ணன். அப்படியானால் சாவி எங்கே? பத்து மணிக்குத் தருவார்கள். சரி, பத்து மணிக்கு வாருங்கள், இங்கே நிற்கக் கூடாது. அண்ணன் கெஞ்ச ஆரம்பித்தான். ஒரு நிமிஷம் முசே, வாசற்படியில் கால் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், எங்கள் வழக்கம் முசே, ஒரே நிமிஷம். அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அதை எங்கள் தெருவே உட்கார்ந்து, எதுவும் புரியாமல், சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னாடி சொல்றான் வெள்ளைக்காரன்?" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தவளக்குப்பத்து அம்மாவும் பார்த்தார். நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"வணக்கம் சொல்றான்," என்றார் மாமனார். "புதுசா வீடு வாங்கின முசே நீங்கதானா, சந்தோஷம், உள்ள வாங்கன்னு கூப்புடுறான். அங்கெல்லாம் மரியாத ஜாஸ்தி."

மகனைப் பிரித்துக் கொண்டுபோனவர் என்று ஐந்து வருஷமாக அம்மா அந்த மனிதரைப் பேசாத பேச்சில்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, எங்களுக்காகப் பொய் சொன்னார். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. "பொங்குது, பொங்குது" என்று ஒரே ஆரவாரம். தவளக்குப்பத்து அம்மா மடியிலிருந்த பூப்பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தார். வைத்துவிட்டு, போன் பக்கம் குனிந்து, நல்ல சத்தமாகப் பேசினார்.

"தம்பி, நான் தவளக்குப்பத்துலேர்ந்து வந்திருக்கேன். அத்தினி வீடு கட்டி வெச்சிருக்கீங்க, எம்புள்ளைக்கும் அதுல ஒண்ணு ஒதுக்கிக் குடுங்க தம்பி. அவனும் அங்க வந்து பொழச்சிக்குவான்."

போனில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"யாரும்மா பேசுறது? என்னா வீடு? அம்மா, என்ன உள்ளயே வுட மாட்டேங்கிறாம்மா. தொரத்திட்டான். நான் ரோட்ல நிக்கிறேன்."

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பின்னால் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போனை எடுத்து ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவசரத்தில் வேறு பொத்தானையும் அழுத்தி அழைப்பையே துண்டித்துவிட்டேன். தவளக்குப்பத்து அம்மா பூப்பொட்டலத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்து, வடையை ஒரு விள்ளல் பிட்டு, பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது, "சொல்லி அனுப்புறோம்" என்றார். அது என்ன பதில் என்று எனக்குத் தெரியும். அம்மா அந்த இலையைப் பிரித்து, பிட்ட வடையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆயுசு முழுக்க அடுத்தவர் படுக்கையைச் சுத்தம் செய்தவள், முதன்முதலாகத் தலை நிமிர ஒரு பேனர் வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் கழுவினேன்.

வெயில் தாழ்ந்ததும் பேனரை அவிழ்க்கப் போனேன். ஒரு பக்கக் கயிற்றை மாமனார் முன்பே அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பேண்ட் முட்டியில் மண் ஒட்டியிருந்தது. அண்ணனின் முகம் உள்பக்கம் வரும்படி இருவரும் சுருட்டினோம்.

"அந்தக் கேட்காரன் மேல தப்பில்லம்மா," என்றார். "பட்டாளத்த வுட்டப்புறம் நானும் அங்க அந்த மாரி ஒரு கேட்ல உக்காந்தவன்தான். காலைல வந்து நின்ன எத்தினி பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன். நம்ம ஊர்க்காரன் ஒருத்தனக்கூட." அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அடுத்த பேனர் எனக்குத்தான் வெப்பாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பல மாதம் ஆனது.

விளக்கு வைத்த பிறகு அண்ணன் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம். பத்து மணிக்குச் சாவி கொடுத்துவிட்டார்களாம். அதே காவல்காரன் கையைக் குலுக்கி, காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டானாம். பேனர் விஷயம் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"பால் எந்தப் பக்கம் பொங்குச்சு பாப்பா?"

"கிழக்காலதாண்ணா," என்றேன். நான் பார்க்கவே இல்லை.

"அப்புறம் என்னா. நல்லதுதான். ஆமா, காலைல போன்ல பேசுனாங்களே ஒரு அம்மா, யாரு அது? புள்ளைக்கு வீடு வேணும்னு ஏதோ கேட்டாங்க. நான் இருந்த அவசரத்துல பதிலே சொல்லல."

நான் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா மீந்த பாயசத்தை யாருக்கும் கொடுக்காமல் பாத்திரத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சவங்கதாண்ணா. சும்மா வெளையாட்டுக்குக் கேட்டாங்க."

"வெளையாட்டு என்னா? அவங்க புள்ள இந்தப் பக்கம் வந்தா தாராளமா வரச் சொல்லு. வீடெல்லாம் குடுக்க முடியாது. ஹால்ல ஒரு பாயப் போட்டுக் குடுத்தர்லாம், எத்தினி நாளு வேணும்னாலும் தங்கட்டும். மறக்காம சொல்லிடு பாப்பா."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.