எட்டாவது ‘டக்’

இது நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு மணி பார்க்கத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் சொல்வதில் ஒரு சொல் பொய் என்றாலும் மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இன்றே விழட்டும்.

தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்றில் நான் ஃபிட்டர். மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தட்டுகளுக்குக் கப்ளிங் என்று பெயர். மூன்றாம் பம்பின் கப்ளிங்கில் எட்டு போல்ட். அளந்து இறுக்க ஒரு ஸ்பேனர் உண்டு. போதுமான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று அதுவே சொல்லிவிடும். அதன் பிறகு நட்டிலிருந்து தட்டு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று பொருள்.

ஸ்பேனரைக் கொடுப்பவர் ஸ்டோர்காரர். பல வருடத்துக்கு முன் அவருடைய வலது கையை மூன்றாம் பம்ப் முழங்கையோடு பிடுங்கிக்கொண்டது. அவரை ‘இடதுசாரி’ என்போம். அரசியல் காரணம் எதுவும் இல்லை.

“எட்டுடா. எண்ணிக்கோ.”

“எனக்கு எண்ணத் தெரியும்ணே.”

“அந்த நெனப்புதான் பயமா இருக்கு.”

அன்று பம்ப் ஆபரேட்டர் என் மச்சினன். இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பன். வேலையில் சேர்த்துவிட்டவன் நான். ‘என் தம்பிக்கு ஒரு கீறல் விழுந்தா வீட்டுப் பக்கம் வராதீங்க’ என்று என் மனைவி அன்போடு சொல்லியிருந்தாள்.

பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் எட்டு நட்டுக்கும் முதலிலேயே கோடு போட்டுவிட்டு, பிறகு இறுக்கத் தொடங்கினேன். ஏழாவதில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

“மாமா, கோடெல்லாம் போட்டாச்சே. கப்ளிங் மேல வலைக் கூண்டை மூடிடவா?”

பார்த்தேன். எட்டுக் கோடு. “மூடு” என்றேன்.

மணி 1:40. கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனர். காலையில் கேட்ட ‘டக்’குகள் மனதுக்குள் சும்மா ஓடின. ஏழு.

மறுபடி எண்ணினேன்.

ஏழு.

தூரத்தில் மூன்றாம் பம்ப் ஓடத் தொடங்கியது.

ஸ்பேனரோடு ஓடினேன். 1:49. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தேன். மச்சினன் காதுமூடி மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி, கப்ளிங் பக்கத்திலேயே குந்தியிருந்தான். கையில் எண்ணெய்க் குவளை. நடுவில் வலைக் கூண்டு. அது கொசுவைத் தடுக்கும். போல்ட்டைத் தடுக்காது.

கத்தினேன். அடித்தேன். கம்பி பதித்த கண்ணாடி... கீறல்தான் விழுந்தது.

மெயின் சுவிட்சுக்கு ஓடினால் மூன்று நிமிடம். அவ்வளவு நேரம் அந்த நட்டு தாங்காது.

கடகட... கடகட...

1:51. டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற கப்ளிங் சில சமயம் நிற்பது போலத் தெரியும். கண்ணின் ஏமாற்றுதான். அப்போதும் அப்படி நின்றது. எட்டு நட்டும் தெரிந்தன.

எட்டாவதின் மேல் ஒரு கை.

வலது கை. முழங்கை வரை.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதுவும் நின்றது போலத்தான் தெரிந்தது...

அப்படியென்றால், அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது.

1:52.

டக்.

கடகடப்பு நின்றது. பம்ப் மட்டும் சீராக ஓடியது.

ஸ்பேனர் என் கையில் இருந்தது.

மச்சினன் திரும்பினான். கதவைத் திறந்தான். “என்ன மாமா, சாப்பிடலையா?”

பம்பை நிறுத்திக் கூண்டைத் திறந்தேன். எட்டாவது நட்டு கல் மாதிரி இறுகியிருந்தது. என் மஞ்சள் கோடு இரண்டாக உடைந்து, நட்டின் மேலிருந்த பாதி, கால் சுற்றுத் தள்ளி நின்றது.

யாரிடமும் மூச்சு விடாமல் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஸ்டோர்காரர் காலிச் சட்டைக் கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“வலது உள்ளங்கை எரியுதுடா. ஒன்னு அம்பத்திரண்டுலேருந்து.”

ஸ்பேனரை அவர் மேசையில் வைத்தேன்.

“எட்டாவதா?”

“உங்களுக்கு எப்படிண்ணே...”

“கை போன அன்னைக்கு, நானும் கோட்டைப் போட்டுட்டு ஏழோடதான் சாப்பிடப் போனேன்.”