மாரியில் ஒரு பம்பஸ் மூட்டை

என் பிரசவ விடுமுறை முடிந்தபோது பிள்ளையைப் பகலில் பார்க்கக் கணவரின் அம்மாவான மாமியை விட்டால் வேறு ஆளில்லை. கரடியனாற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விடிய வெள்ளனச் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸைப் பிடித்தால் பின்னேரம்தான் வீடு. என் அம்மா இருப்பது தூரத்தில். கணவருக்கோ லீவு என்றால் சம்பளம் இல்லை.

மாமி பழைய காலத்து ஆள், ஒரு தடவை கட்டி வீசும் பம்பஸ் கூடாது என்பார் என்று நினைத்து, கணவரின் பழைய பருத்திச் சாரங்களைக் கிழித்து, சுடுதண்ணீரில் அவித்துக் காயவைத்து, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். எனக்கும் துணிதான் விருப்பம். மகளின் தோல் அப்படி. பம்பஸ் கட்டி எடுத்தால் தொடை இடுக்கு சிவந்துபோகும். மாமி அந்த அடுக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஆறு பிள்ளைக்குத் தோய்ச்சவள்கா நான். கிணத்தடியில குந்திக் குந்தியே இடுப்புப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போக, நான் பீத்துணியோட இருக்கிறதா? ஏலா புள்ள. பம்பஸ வாங்கி வை, பாக்கிறன். இல்லாட்டி வேற ஆளப் பாரு."

பம்பஸ் வாங்கினேன். இரவிலும் சனி ஞாயிறிலும் துணி என்று எனக்குள் ஒரு சமாதானம். அது மாரி தொடங்கும் வரைக்கும்தான். மழை விடாமல் பெய்தது. குசினிக்குள் கொடி கட்டி, அடுப்புச் சூட்டில் காயப்போட்டு, ஈரம் போகாததை அயன் பண்ணிக் கட்டினேன். வீடு முழுக்கப் புழுங்கல் மணம். அதிலும் மகளுக்குச் சிவந்தது. பம்பஸால் சிவந்ததா, அரை ஈரத் துணியால் சிவந்ததா என்று தெரியாமல், ஒவ்வொரு தடவையும் ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கட்டிய பம்பஸைக் கழற்றிய பிறகு எங்கே போடுவது? அதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வரும் குப்பை ட்ராக்டர் பம்பஸ் எடுக்காது. கணவர் வளவின் மூலையில் குழி வெட்டித் தாட்டார். வாவி பக்கத்தில் என்பதால் மாரியில் இரண்டு சாண் தோண்டினாலே தண்ணீர். தாட்டதெல்லாம் ஊதிப் பெருத்து மேலே வந்தது. ஒரு காலை பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"டீச்சர், எங்கட நாய் உங்கட வீட்டுச் சாமான வாசல்ல கொண்டந்து வச்சிருக்கு. வந்து சொந்தம் கொண்டாடுங்க."

வெட்கத்தோடு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எல்லாம் உரப் பையொன்றுக்குள் சேர்ந்தது. எரிப்போம் என்றார் கணவர். மாமி விடவில்லை.

"பிள்ளைட பீய எரிச்சா பிள்ளைக்குச் சூடு பிடிக்கும். அடியெல்லாம் வெந்து போகும். என்ட கண்ணால கண்டிருக்கன். எரிக்கிறதெண்டா பிள்ளைய என்னட்டத் தராதீங்க."

அது வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். பொருட்கள் எப்படி எரிகின்றன என்று ஒன்பதாம் வகுப்புக்குத் தகனப் பாடம் படிப்பிப்பவள் நான். ஆனாலும் மாமி மாட்டேன் என்றால் என் வேலை போய்விடும். மூட்டை வளர்ந்தது. ஈ மொய்த்தது. சாப்பிடும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினோம்.

மகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று லீவு எடுத்திருந்தேன். காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்று கிளினிக் மிஸ் சொல்லி அனுப்பினார். பின்னேரம் மழை விட்டிருந்தது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளை தூக்கம். இதுதான் நேரம் என்று மூட்டையை இழுத்துக்கொண்டு போய் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தேன். சரியாக எரிந்தால்தானே! ஈரம் சீறியது. தடித்த கறுப்புப் புகை எழும்பி, நேரே வீட்டுப் பக்கமே போனது.

உள்ளே மகள் வீரிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஊசிக் காய்ச்சல். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் வாளியைத் தூக்கி, அந்த நெருப்பில் ஊற்றினேன். திரும்பக் கிணற்றடிக்கு ஓடி இன்னொரு வாளி. அப்போதுதான் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"எரிச்சயா?"

"ஊசிதான் மாமி. காய்ச்சல் வருமெண்டு மிஸ் சொன்னவா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மாமி பிள்ளையை வாங்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"அப்ப ஏன்கா நெருப்ப நூத்த?"

வாளியைக் கீழே வைத்தேன். மாமியில் கோபமா, என்னில் கோபமா என்று பிரித்தறியக்கூட முடியவில்லை. கோபத்தில் அழுகைதான் வந்தது.

"சரி, அழாத. மருந்தக் கொண்டா. நாளைக்கு நீ வேலைக்குப் போ, நான் பாக்கிறன். வரக்குள்ள பம்பஸ் வாங்கிட்டு வா, இருக்கிறது முடியுது."

மருந்தைக் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு போனேன். பாதி கருகி, பாதி ஊறி, முன்பை விடப் பாரமாகக் கிடந்தது எல்லாம். இன்னொரு உரப் பையைத் தேடி எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு அள்ளத் தொடங்கினேன். திரும்பவும் தூறல் போட்டது.