புல் அழுத்திய ஏற்றம்

காய்ந்த புல்லுக்குக் கோபம் வரும் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் புல்லை ஒரு பெட்டியில் அடைத்து, மேலே பலகை வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்துகிற வரைக்கும் சாதுவாக அடங்கிப் போகும். அழுத்துவதை விட்டீர்களோ, அத்தனையும் எழும்பி மூஞ்சியில் அடிக்கும். இதை எங்கள் மாமா சொந்தமாகக் கண்டுபிடித்தார். என்ன, கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு பெரிய மனிதரை எதிரே நிற்க வைத்துக்கொண்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தச்சு வேலை. தோல் காயப்போடும் சட்டம், பதனிட்ட தோலைக் கட்டாக இறுக்கும் திருகு மரம், எல்லாம் அவர் கை பட்டதுதான். அங்கே மேஸ்திரியோடு ஏதோ வாய்த்தகராறு. உளியையும் ரம்பத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் குடியேறிவிட்டார். எனக்கு அதில் பரம சந்தோஷம். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"தங்கவயல்ல சொரங்கத்துல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். கெளம்பு மச்சான்" என்று அப்பா தினமும் சொல்லுவார். தங்கவயல் போனவர்கள் வருஷத்துக்கு ஒருதரம், இருமிக்கொண்டே வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அப்பா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தச் சமயத்தில்தான் புல் காண்ட்ராக்ட் சாயபு வந்தார். பெங்களூர்ப் பட்டாளத்துக் குதிரைகளுக்கு எங்கள் மலைப் புல்லை ரயிலில் அனுப்புகிறவர். வெள்ளை அங்கி, வெள்ளித் தாடி, கையில் ஒரு பிரம்பு. புல்லை உதிரியாக ஏற்றினால் வேகன் நிறைந்துவிடுகிறது, ஆனால் பாதிக்கு மேல் காற்றுத்தான் போகிறது என்பது அவருடைய பேஜார். பட்டாளத்தார் அளவாக வெட்டிக் கொடுத்த கம்பி ஒரு கட்டு வைத்திருந்தார். அந்தக் கம்பியின் இரண்டு முனையும் கூடுகிற அளவுக்குப் புல்லை இறுக்கிக் கட்டித் தருகிறவருக்கு அந்தப் பருவம் பூராவும் வேலை, அடுத்த பருவமும் வேலை என்றார்.

மாமா எழுந்து நின்று, "நான் செய்றேன் பாய்" என்றார். அப்பா பெருமூச்சு விட்டார். கடைசியில், சாயபு ஒத்துக்கொண்டால் மாமா ஊரிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் அதற்கடுத்து வரும் திங்கட்கிழமை தங்கவயல் ரயில் என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒப்பந்தம் ஆனது.

தோல் ஷாப்பில் இருந்த மாதிரித் திருகு மரம் செய்ய நிறைய இரும்பு வேண்டும். அதோடு, ஒரு கட்டுக்குத் திருகி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மாமா எங்கள் கிணற்றடியில் போய் நின்று ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றக்காரர் நீண்ட மரத்தின் மேலேறி முன்னால் நடந்தால் மரம் தாழ்கிறது, பின்னால் நடந்தால் உயர்கிறது. தண்ணீர் இறைக்கிற அந்த நடையைப் புல் அழுத்த வைத்தால் என்ன?

செய்தே விட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு பலகைப் பெட்டி. ஒரு பக்கம் கதவு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தூண், தூணில் ஒரு நீண்ட மரத்தின் அடிப்பக்கத்தைக் கோத்திருந்தார். தூணுக்குக் கிட்டத்தில், மரத்திலிருந்து ஓர் அழுத்துப் பலகை பெட்டிக்குள் தொங்கியது. மரத்தின் நுனியோ தூரத்தில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் தூணருகில் ஏறி, மூங்கில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நுனிக்குப் போகப்போக மரம் தாழும், பலகை புல்லை நசுக்கிக்கொண்டு இறங்கும். அப்போது பெட்டியின் இடுக்குகள் வழியாகக் கம்பியை விட்டு முடுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

நான் நாள் முழுக்க அங்கேயே கிடப்பேன். சாயங்காலம் அத்தை எனக்குத் தலை வாரும்போது விசாரணை நடக்கும்.

அத்தை, அப்பாவின் தங்கை. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. உலக்கையைக் கையில் எடுத்தால் கேழ்வரகு தானாகவே மாவாகிவிடும் என்று அம்மா சொல்லுவாள். ஒருமுறை பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டம், வெல்லப் பணியாரத்தை வயிறாரத் தின்றுவிட்டு, வாசலைத் தாண்டுவதற்குள் "இந்தப் பொண்ண ஏத்துனா நம்ம வண்டி தாங்காதே" என்று சொல்லிச் சிரித்தது. அத்தை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். பாவிகள்! அன்றிலிருந்து அவள் மாட்டு வண்டியில் ஏறவே இல்லை. ஆம்பூர்ச் சந்தைக்கும் நடை, திருவிழாவுக்கும் நடை. எங்கள் வீட்டில் பூசணிக்காயைக்கூடக் குண்டு என்று சொல்ல அம்மா விடமாட்டாள்.

"இன்னிக்கிப் பலகை எதுவரைக்கும் எறங்கிச்சு கண்ணு?" என்று அத்தை கேட்பாள். நான் கையால் அளந்து காட்டுவேன். "கம்பி கூடிச்சா?" கூடவில்லை என்பேன். "உங்க மாமா மத்தியானம் சோறு துன்னாரா?" அதையும் சொல்லுவேன். மறுநாள் காலையில் மாமா இழைப்புளியை நிறுத்திவிட்டு, "உங்க அத்தை மெஷினப் பத்தி இன்னா சொன்னா?" என்று கேட்பார். சுற்றுவட்டாரத்திலேயே மெஷின் பைத்தியம் பிடித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான், நடுவில் என்னை விட்டால் அவர்களுக்கு ஆள் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

சாயபு பார்க்க வந்த நாளில் ஊரே கிணற்றடியில் கூடிவிட்டது. மரத்தின் மேல் எங்கள் ஏற்றக்காரரும் அவர் மைத்துனரும் ஏறினார்கள். ஏற்றக்காரர் வழக்கம்போலப் பாட்டெடுத்தார். பாட்டு இல்லாமல் அவருக்குக் கால் நகராது. பலகை அழகாக இறங்கியது. மாமா குனிந்து கம்பியை இடுக்கில் விட்டார். சாயபுவும் ஆர்வமாகக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

பாட்டில் அடி முடிந்தது. அடி முடிந்தால் திரும்பி நடப்பது ஏற்றக்காரரின் ஆயுசுப் பழக்கம். அவர் திரும்பவில்லை சாமி, அவர் கால்கள் திரும்பிவிட்டன! மைத்துனரும் கூடவே திரும்பினார். மரம் உயர்ந்தது, பலகை எழும்பியது, அடக்கி வைத்திருந்த புல் அத்தனையும் 'புஸ்' என்று கதவு வழியாகச் சாயபுவின் மேல் பாய்ந்தது. தாடி எது, புல் எது என்று தெரியவில்லை. அவர் தும்முகிறார், தும்முகிறார், தும்மிக்கொண்டே இருக்கிறார். ஊர் ஜனம் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றது.

மாமாவின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயபு நல்ல மனுஷர். தாடியை உதறிவிட்டு, "இன்னா தம்பி, குதிரை துன்றதை எனக்கு ஊட்டிட்டியே" என்றார். பிறகு, "வெள்ளிக்கெயம தொழுகை முடிச்சிட்டு வர்றேன். அன்னிக்கும் இப்டின்னா, எனக்கு வேற ஆளு" என்று சொல்லிப் போய்விட்டார்.

மாமா அந்த வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. அழுத்துப் பலகையைத் தாங்கும் கட்டையில் ரம்பம் மாதிரிப் பல் பல்லாக வெட்டினார். பெட்டியின் விளிம்பில் ஒரு இரும்புக் கொண்டி வைத்தார். பலகை இறங்கும்போது கொண்டி ஒவ்வொரு பல்லாக 'டக் டக்' என்று விழும். கையால் தூக்கிவிடுகிற வரைக்கும் பலகை மேலே வராது. இனி ஏற்றக்காரர் பாடட்டும், திரும்பட்டும், ஆடட்டும், புல் வெளியே வராது.

ஆனால் வேறொரு வில்லங்கம் பாக்கியிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் கம்பியின் இரண்டு முனையும் கூடுவதற்கு நாலு விரல் குறைந்தது. ஏற்றக்காரரும் மைத்துனரும் எலும்பும் தோலுமான ஆசாமிகள். மரத்தின் மேல் இன்னும் ஆள் ஏற்றலாம்தான், ஆனால் நுனியில் நிற்கிறவரின் கனம்தான் வேலை செய்கிறது. பின்னால் நிற்கிறவர்கள் சும்மா துணைக்கு நிற்பது போலத்தான். நுனியில் ஒருவருக்குத்தான் இடம். இதையெல்லாம் மாமா எனக்கு விளக்கிச் சொன்னார். நான் தலை வாரும்போது அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். அத்தை சீப்பைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, "நுனியில நிக்கறவங்க கனந்தானா கண்ணு?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயபு வந்தார். இந்தத் தடவை பெட்டியை விட்டு நன்றாகத் தள்ளியே நின்றார். ஏற்றக்காரர் பாடினார், நடந்தார், அடி முடிந்ததும் திரும்பியும் விட்டார். கொண்டி பிடித்துக்கொண்டது. ஜனம் ஓவென்று கத்தியது. மாமா கம்பியை இழுத்தார். நாலு விரல். மறுபடி நுனிக்குப் போகச் சொல்லி இழுத்தார். அதே நாலு விரல். ஏற்றக்காரரும் மைத்துனரும் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"கம்மியா இருக்குதே தம்பி" என்றார் சாயபு. அவருக்கே மனசு கஷ்டமாக இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கெழமை வண்டி காலையிலயே கெளம்பிடும்" என்று மெதுவாகச் சொன்னார்.

பெண்கள் நின்றிருந்த புங்கமரத்தடியிலிருந்து அத்தை வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். தூணைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டாள்!

"ஏய், இன்னாடி பண்றே? பொம்பளைங்க ஏறுற எடமா அது? எறங்கு!" என்று அப்பா பாய்ந்தார். அம்மா குறுக்கே வந்து, "நீங்க சும்மா இருங்க" என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டார்.

அத்தை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மரம் முனகியது. கூட்டத்தில் யாரோ ஒருவன் 'கிளுக்' என்று சிரித்தான். சாயபு பிரம்பைத் தரையில் ஓங்கித் தட்டினார், சிரிப்பு அடங்கியது. அவர் அத்தையைப் பார்க்கவே இல்லை. மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை மட்டும் பார்த்தார். அத்தை நுனிக்கு வந்து நின்றாள். ஏற்றக்காரர் அவசரமாக அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். டக். இன்னொரு டக். இன்னும் ஒன்று.

"கூடிடுச்சு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். மாமா கம்பியின் ஒரு முனையை மறுமுனைக் கொக்கியில் மாட்டினார். கடைசிக் கம்பி முடுக்குகிற வரைக்கும் அத்தை ஊரார் அத்தனை பேர் கண்ணெதிரிலும், மலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். காதோரம் வேர்த்து வழிந்தது. கதவைத் திறந்ததும் புல் ஒரு கருங்கல் போலக் கெட்டியாகத் தரையில் விழுந்தது. சாயபு அதன் மேல் ஏறி நின்று, "பலே! இந்த சீசனுக்கு எனக்கு நீதான் தம்பி" என்றார். மாமா அவர் சொன்னதைக் கேட்டாரா என்பதே சந்தேகம். அத்தை இறங்கி, நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்னாலேயே ஓடிப்போய், "அத்தை, உனக்கு மெஷின்னா அவ்ளோ ஆசையா?" என்று கேட்டேன். "ஆமா கண்ணு" என்றாள்.

மறுநாள் முழுக்க மாமா வேறொன்று செய்தார். மரத்தின் நுனி தாழ்ந்து வருகிற இடத்தில் ஒரு மேடை, அதன் மேல் வளையம் அடித்த ஒரு பெரிய கல். நுனி கீழே வந்ததும் கல்லை அதில் மாட்டிவிட்டு, மேடையைத் தாங்கும் கட்டையை உருவிவிட்டால் போதும். கல்லின் கனம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கம்பி சுலபமாகக் கூடியது. மாமா என்னைக் கூப்பிட்டு, "உங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லு, இனிமே அவ ஊருக்கு முன்னால மரத்துல ஏற வேணாம், அதுக்காகத்தான் ராவும் பகலும் யோசிச்சு இதப் பண்ணேன்னு" என்றார். அவ்வளவு நீளத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? நான் சுருக்கமாக, "மாமா கல்லு கட்டிட்டாரு. இனிமே நீ வேணாமாம்" என்று சொன்னேன். அன்றைக்கு அவள் என் பின்னலை இறுக்கிய இறுக்கில் எனக்குக் கண் இரண்டும் மேலே போய்விட்டன. ராத்திரி அவள் சாப்பிடவும் இல்லை. அடுத்த மெஷின் எப்போது வரும் என்ற கவலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள், எங்கள் கொட்டகையிலேயே குடியிருக்கிற மாமா, வெளுத்த வேட்டி கட்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, விருந்தாளி மாதிரி எங்கள் முன்வாசலில் நின்றார். கையில் தட்டு; வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம். பெரியவராக ஏற்றக்காரரை அழைத்து வந்திருந்தார். அப்பாவின் பக்கத்தில் இருந்த அம்மா சட்டென்று எழுந்து போய் மாமாவின் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். "அடிப்பாவி, ஒரு நிமிஷத்துல கட்சி மாறிட்டியே" என்றார் அப்பா. ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

ஏற்றக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அத்தையை மாமாவுக்குக் கேட்டார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து அறிந்தவள் நான் ஒருத்திதான், என்னைக் கேட்காமல் இவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார்களே! நடுவில் போய் நின்றேன்.

"மாமா, அதான் கல்லு கட்டிட்டீங்களே. அப்புறம் அத்தை எதுக்கு?"

ஏற்றக்காரர் முதலில் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு குலுங்கியது. உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும், அடக்க முடியாமல் வந்த ஒரு சிரிப்பும் கேட்டன.

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. "கல்லு மெஷினுக்கு பாப்பா" என்றார்.

மெஷினுக்குக் கல் என்றால் அத்தை எதற்கு? நான் கேட்டது அதைத்தானே? மறுபடி கேட்டேன். மறுபடியும் சிரித்தார்கள். இவர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று முறைத்துவிட்டு, தட்டிலிருந்த பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன்.