நத்தை ஓட்டுச் சுருள்

ஜூலை 14, செவ்வாய். காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அலுவலகம் போனேன். மாலை வீடு திரும்பியபோது, மகளின் டிபன் டப்பாவுக்குள் ஆப்பிரிக்க நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"கணக்கு ப்ராஜெக்டுக்குப்பா. ஓட்டுச் சுருளை அளக்கப்போறேன். நாளைக்கு மேடம்கிட்ட தலைப்பு சொல்லணும்."

டப்பாவிலிருந்து வந்த சளி வாடை என்னை, நான் சிறுவயதில் வளர்ந்த ரங்கத் ஊர் வீட்டுக்கு இழுத்துப்போனது. மழைக்காலத்தில் அம்மா உப்புநீர்த் தகர டப்பாவுடன் தோட்டத்தில் நிற்பார். "ஜல்தி பொறுக்குடா, கீரை பூரா போச்சு!" நத்தைகள் நுரைத்துச் சாகும். அந்தச் சளி விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் சோற்றில் அதே நாற்றம்.

"வேற தலைப்பே கிடைக்கலையா?"

"வட்டம், முக்கோணமெல்லாம் மத்தவங்க எடுத்துட்டாங்க. ஒண்ணு பத்தாதுப்பா, சின்னதும் பெருசுமா அஞ்சு வேணும். எனக்குத் தொடவே அருவருப்பா இருக்கு, இதையே குச்சியால தள்ளித்தான் டப்பாவுல போட்டேன்."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, பப்பாளி மரத்தடியில் நான்கு நத்தைகளை வெறுங்கையால் பொறுக்கினேன்.