ஆடி அமாவாசையில் ஒரு மியூசியம் மாநாடு

ஒரு நாளில் பாதி நேரம் "தொடாதீங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போகிற உத்தியோகம் எங்களுடையது. மீதிப் பாதி, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு வழி காட்டுவதில் போய்விடும். அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து நொந்துபோன அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் ஒரு சொல்கூட மிகை இல்லை என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். வெளியாட்கள் எங்களை நம்புவதே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்தேன். ஒரு தனியார் அறக்கட்டளை அதை நடத்தியது. இரண்டு கூடம், ஒரு தாழ்வாரம், கொஞ்சம் கண்ணாடிப் பெட்டிகள். ஊழியர்கள் என்று பார்த்தால் நானும் பேச்சியம்மாளும்தான். வாசலில் சீட்டுக் கிழிப்பது, கூடம் பெருக்குவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

அந்த வருடம் தென் மாவட்ட அருங்காட்சியகப் பணியாளர் மாநாட்டை ராஜபாளையத்தில் நடத்தும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அறக்கட்டளைக்காரர்களுக்கோ எங்களைக் கட்டி மேய்த்து அலுத்துவிட்டது. மாநாட்டுக்கு வரும் அரசு அருங்காட்சியகத் துறை மேலதிகாரி எங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தொடர்ந்து நடத்துவது, முகம் சுளித்தால் இழுத்து மூடிவிட்டுச் சாமான்களை எல்லாம் அவருடைய நகரத்துக் கிடங்குக்கு ஏற்றிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்கள். பேச்சியம்மாளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதி கிடையாது. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

மண்டபம் பிடித்தது

மாநாட்டை ஆடி மாதத்தில் வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ராஜபாளையத்து மண்டபங்கள் எல்லாம் ஈயடித்துக்கொண்டு கிடக்கும். மில்லுக்குப் போகும் சாலையில் ஒரு நல்ல மண்டபமாகப் பார்த்து நுழைந்தேன். மேனேஜர் உள்பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் தெலுங்கில் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, கட்சி மாநாடா, சாதி மாநாடா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை, மியூசியத்து ஆட்கள் கூடிப் பேசப்போகிறோம் என்றேன்.

சென்னை மியூசியத்தை அந்தக் காலத்தில் செத்த காலேஜ் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். அதை இவரும் கேள்விப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். காபி வந்தது, டம்ளரை என் கையில் கொடுக்காமல் மேஜையில் தள்ளி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "செத்த காலேஜ் ஆளுகளா நீங்க. தாராளமா நடத்துங்கம்மா. ஆனா செத்தவிய சாமான் எதையும் உள்ள கொண்டாந்துராதீக, ஆவணியில மொத முகூர்த்தம் எங்க தங்கச்சி மகளுக்குத்தான்."

அண்டாவுக்கு எண்

எங்கள் தொழிலில் எண் இல்லாத பொருள் அநாதை. எந்த வருடம் வந்தது, எத்தனையாவதாக வந்தது என்று அதன் உடம்பிலேயே எழுதிவிட வேண்டும். கண்ணில் படாத இடமாகப் பார்த்து வெள்ளை பெயிண்ட்டை ஒரு தீற்றுத் தீற்றி, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதி, அழியாமல் இருக்க வார்னிஷ் பூசுவோம். மாநாட்டின் முதல் நாள் பிற்பகல் இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு. பயிற்சி கொடுக்க வந்தவர் பழகுவதற்கென்று உடைந்த பானைகளை ஒரு பெட்டியில் எடுத்து வந்திருக்கிறார். பெட்டி பஸ்ஸிலேயே போய்விட்டது. மனிதர் அசரவில்லை. கையில் கிடைத்ததில் எழுதிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கச் சமையல்கட்டுப் பக்கம் போயிருந்த நான் திரும்பி வந்து பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்டபத்து அண்டா, குண்டான், ரச வாளி, ஆள் உயரக் குத்துவிளக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் நாற்காலியின் கால் என்று ஒன்று பாக்கியில்லாமல் எண் வாங்கிக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எழுதியவர்கள் எல்லாரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற, பேரப்பிள்ளை எடுத்தவர்கள்.

மேனேஜர் புளியைப் போட்டுத் தேய்த்தார். சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். சம்பந்தி வீட்டார் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தால் செத்தவர்கள் வீட்டுச் சாமான் என்று நினைப்பார்களே என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். பெயிண்டரை வைத்துச் சுரண்டித் தருவதாக நான் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். அப்போது பயிற்சியாளர் எங்கள் பின்னால் வந்து நின்று, ஆர்வமாக எட்டிப் பார்த்து, என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா மேடம், மண்ணெண்ணெய்க்கே அசையல. இவங்க எல்லாருக்கும் சர்ட்டிபிகேட் குடுத்துரலாம்."

பால்கோவாக் கடை போன்

மறுநாள் பிற்பகல் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மேலதிகாரிக்குச் சாயங்காலம் ரயில். அதனால் காலையிலேயே போய்விடலாம் என்று அவர் டிபன் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். சரி சார் என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் அன்றைக்கு ஆடி அமாவாசை என்று உறைத்தது. வாயில் போட்ட இட்லி அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் இரண்டாவது கூடத்தில் ஒரு முதுமக்கள் தாழி இருந்தது. அந்தக் காலத்தில் இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய பானை. உள்ளே எலும்பும் இருந்தது. மகாராஜபுரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார் ஒருவர் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது. ஹவில்தார் அதை எங்களுக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருடா வருடம் ஆடி அமாவாசைக்கு அவர் குடும்பம் வந்து தாழிக்கு முன்னால் படையல் போட்டுக்கொள்ளும். அறக்கட்டளைத் தலைவரே அதற்குச் சரி என்று சொல்லியிருந்தார். அவர்களும் காலையில் வந்து இலை போட்டு, கும்பிட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவார்கள். பேச்சியம்மாள் துடைத்துவிடுவாள். பார்வையாளர் யாருக்கும் இதுவரை தெரியாது.

அருங்காட்சியகத்தில் போன் கிடையாது. எதிரே இருக்கும் பால்கோவாக் கடைக்குத்தான் போட வேண்டும். ஆடிப்பூரம் நெருங்கிய சமயம், ஊர் முழுக்கக் கூட்டம். மண்டபத்து ஆபீஸ் அறையில் நின்று சுற்றிச் சுற்றி விரல் வலித்த பிறகு லைன் கிடைத்தது. பேச்சியம்மாளைக் கூப்பிடுங்கள், அவசரம் என்றேன். கடைக்காரர் சொன்னார்: "கடைய விட்டுட்டு நகர முடியாதுக்கா, கூட்டம் அம்புட்டு. ஆனா உங்க மியூசியத்துக்குள்ள ஒரு குடும்பம் வாழையிலையும் தூக்குச்சட்டியுமா இப்பத்தான் போகுது."

தொட்டவர்கள்

பஸ் எங்கள் வாசலில் நின்றதும் முதல் ஆளாக இறங்கினேன். முதல் கூடத்தில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துவிட்டால் ஹவில்தார் குடும்பம் அதற்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் வளவளவென்று விளக்கம் கொடுக்க ஆயத்தமாக உள்ளே போனேன். பிரதிநிதிகள் அதற்கு இடமே வைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் தொட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பிரமித்து நின்றுவிட்டேன். செப்புக் காசைச் சுரண்டிப் பார்க்கிறார் ஒருவர். கல் சிற்பத்தின் மூக்கைத் தடவிப் பார்க்கிறார் இன்னொருவர். மர வாகனத்தை விரலை மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார் மூன்றாமவர். பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்து, இது நிற்காது என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார் ஒரு பெரிய ஊர்க் காப்பாட்சியர். வருடம் முழுவதும் அடுத்தவர்களைத் தொடாதே தொடாதே என்று சொல்லிச் சொல்லி அத்தனை பேர் கையும் தினவெடுத்துக் கிடந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அன்றைக்கு, இன்னும் செத்த நேரம் தொடுங்கள் சாமிகளே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்.

பேச்சியம்மாள் விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். என் காதருகே வந்து சொன்னாள்: "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய எம்புட்டோ தேவல. அதுக ஏசினா கைய எடுக்குதுகள்லக்கா."

ஒரு வாய்ச் சோறு

மேலதிகாரி மட்டும் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக இரண்டாவது கூடத்துக்குள் நடந்துவிட்டார். நான் ஓடினேன். முந்தின நாள் அவர் மேடையில் பேசியிருந்தார். கூடத்துக்குள் நெருப்பு கூடாது, எண்ணெய் கூடாது, ஈரம் கூடாது, தின்பண்டம் கூடாது, ஜன்னலைத் திறக்கவே கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தார். அத்தனையும் ஒரே இலையைச் சுற்றி அவர் கண்முன்னால் இருந்தன. தாழிக்குத் துளசி மாலை. எதிரே எரிகிற விளக்கு. இலையில் ஆவி பறக்கிற சோறு, வடை, பாயசம். செம்பில் தண்ணீர். ஹவில்தாரின் மனைவி ஜன்னலை அகலத் திறந்துவைத்துக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கையும் கம்பிக்கு வந்துவிட்டது.

போச்சு என்று நினைத்தேன். என் வேலை, பேச்சியம்மாள் வேலை, கூடம், எல்லாம் அந்த நிமிடத்தோடு சரி. மேலதிகாரி என் பக்கம் திரும்பி இது என்ன என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவில்தான் எனக்கு அதிகம் பயம். கிணறு வெட்டியதையும் தலைவர் ஒப்புக்கொண்டதையும் எப்படியோ சொல்லி முடித்தேன். அதற்குள் ஹவில்தார் வேட்டியை இறக்கிவிட்டு விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார்.

மேலதிகாரி அவரிடம் கோபப்படவில்லை, விளக்கினார். இந்தத் தாழி இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசாக இருக்கும், உங்கள் வம்சம் அந்த ஊருக்கு எப்போது வந்ததோ, இவர் உங்கள் முன்னோர் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். ஹவில்தார் சொன்னார்: "எங்க பாட்டன்னு நான் சொல்லல சார். யாரோ ஒரு ஆளு, அவரு பாட்டுக்கு எங்க நெலத்துல படுத்துக் கெடந்தாரு. நாந்தான் கடப்பாரையப் போட்டு எழுப்பிவிட்டேன். எழுப்பிவிட்டவன் ஒரு வாய்ச் சோறு போட வேண்டாமா?"

பின்னால் வந்து குவிந்திருந்த பிரதிநிதிகள் கையை எல்லாம் கீழே போட்டுவிட்டார்கள். ஹவில்தாரின் மனைவி காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, மேலதிகாரியிடம் உங்கள் ஊர்க் கிடங்கில் இந்த மாதிரி இருக்கிறதா என்று சாதாரணமாக விசாரித்தார். நிறைய இருக்கிறது, வரிசையாக வைத்திருக்கிறோம் என்றார் அவர். அந்த அம்மாள் கேட்டார்: "அப்ப இன்னைக்கு அவியளுக்கெல்லாம் யாரு வைக்கா?"

பஸ் ஏறும்போது

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குனிந்து, எரிகிற விளக்கைத் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் வைத்தார். இனிமேல் விளக்கும் இலையும் இங்கேதான், உள்ளே கூடாது என்றார். பிறகு தாழியைப் பார்த்து, இவர் இங்கேயே இருக்கட்டும், கூடமும் இருக்கட்டும், அறக்கட்டளைக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு அது மண்டையில் ஏறுவதற்கு முன்னால் பேச்சியம்மாளுக்கு ஏறிவிட்டது. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

படைத்த வடையும் பாயசமும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது. எண்ணெய்க் கையோடு யாரும் மறுபடி உள்ளே போய்விடாமல் நான் கதவை அடைத்துக் காவல் நின்றேன். எல்லாரும் பஸ்ஸில் ஏறியபின் மேலதிகாரி மட்டும் படியருகே நின்று ஹவில்தாரைக் கையசைத்துக் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, எங்கள் கிடங்கில் நிறையப் பேர் இருக்கிறார்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே இலை போதுமா என்று கேட்டார். இத்தனை அதிர்ச்சிக்குப் பிறகு எனக்கு இன்னொன்று மிச்சம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஹவில்தார் விறைப்பாக நின்று, அதிகாரிக்குப் பதில் சொல்கிற முறையில் சொன்னார்: "பட்டாளத்துல ஆளுக்கொரு தட்டுதான் சார். அவியளுக்கும் அப்படியே வச்சிருங்க."

பொருள்களைப் பாதுகாப்பது பற்றி இரண்டு நாள் தொண்டை வறளப் பேசிய அந்த மாநாட்டில் உருப்படியாக நிறைவேறிய ஒரே தீர்மானம், தாழிக்கு எத்தனை இலை என்பதுதான்.