பத்தர் கொடுத்த உப்பு

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் உப்பே கிடையாது. உப்பில்லாத மரவள்ளிக்கிழங்கை என் சின்ன மகள் வாயில் வைத்ததும் துப்பிவிடுவாள், உடம்பு குச்சியாகிவிட்டது. கோலா பிலா பட்டணத்தில் நகை செய்யும் பத்தரிடம் உப்பு இருக்கிறதென்று யாரோ சொல்ல, கிண்ணத்தோடு நடந்தேன்.

பத்தர் வெள்ளைத் தூளைக் காட்டினார். கிண்ணத்தை நீட்டினேன்.

"ஐயோ, இது வெங்காரம்மா. நகை பத்தவைக்கிற உப்பு. திங்கிறது இல்லலா."

என் முகத்தைப் பார்த்தவர் ஒரு கம்பியின் நுனியை வளையமாக வளைத்தார். அந்த வளையத்தில் தூளைத் தொட்டு, ஊதுகுழலால் நெருப்பை ஊதினார். தூள் பொங்கி அடங்கி, தெளிந்த சொட்டாய் நின்றது. தண்ணீரே சேர்க்காமல் உப்பு தண்ணீராகிவிட்டது! அதில் மயில்துத்தம் என்ற நீலப் பொடியை ஒரு துளி தொட்டுக் காட்டினார். கனவு கலைவதுபோல் அது கரைந்துபோனது. சூட்டில் பச்சை, ஆற ஆற நீலம். கண்ணாடி மணியாய் இறுகியதும் தட்டிக் கிண்ணத்தில் போட்டார்.

"பிள்ளைக்குக் குடும்மா."

வீட்டுக்கு வந்ததும் மகள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கடலாம்மா?" என்றாள். நாக்கு நுனியில் வைத்தாள். "கரிக்குதும்மா!" என்று சொல்லிக் கிழங்கு முழுவதையும் தின்றாள்.

பிறகு நானும் நக்கிப் பார்த்தேன். துளிகூடக் கரிக்கவில்லை.

இன்றுவரை என் சமையலில் உப்புக் குறைவென்று அவள் சொன்னதே இல்லை.