தவமணியக்கா முன்னுக்கு வராமல் வேன் எடுக்க முடியாது

என் முகத்தில் ஒரு குறையும் இல்லை. மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு புருவம் மற்றதைவிட மேலே நிற்கும். அவ்வளவுதான். அம்மா இந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு ஊட்டினார். பெண்சாதி இதைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினாள். அப்படியான முகத்தை எங்கள் ஊர் உடப்பு முழுக்க ஆகாத முகம் என்று ஆக்கி வைத்தவர் தவமணியக்கா. போன மாதம் அவர் பிரான்சில் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் கதைக்க வேண்டுமாம். கதைக்கிறேன். ஆனால் என் முகத்தின் கதையை விட்டுவிட்டு அவரைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் இருந்து கட்டுநாயக்க எயார்போட்டுக்கு ஹயர் ஓடியது என்னுடைய டொல்பின் வேன். முதல் ஹயர் பரமநாதன் சவுதிக்குப் போக வெளிக்கிட்டது. அவன் வாசலால் வெளியே வந்தபோது நான் வேன் கதவைத் திறந்துகொண்டு எதிரே நின்றேன். டிரைவர் வேறு எங்கே நிற்பான்? பரமநாதனை எயார்போட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாவில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. ஏஜென்சிக்காரன் செய்த வேலை. ஊரில் ஒருவரும் ஏஜென்சிக்காரனைப் பற்றி வாய் திறக்கவில்லை. தவமணியக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"வேன் நல்ல வேன்தான். ஆனா புள்ள படியால இறங்கின நேரம் முதல்ல பட்டது யார்ட மூஞ்சி? லிங்கத்துட மூஞ்சி. பிறகு எப்படி விளங்கும்?"

அதோடு சட்டம் வந்துவிட்டது. பயணம் போகிறவர் வீட்டுக்குள் இருந்து வரும்போது, தண்ணீர் நிறைந்த செம்பில் மாவிலை போட்டுக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு தவமணியக்கா எதிரே நடந்து வருவார். அதற்கு ஊரில் 'முன்னுக்கு வாறது' என்று பெயர். அவர் வந்து முடியும்வரை நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஹயர் பேச வருகிறவர்கள் என்னிடம் சொல்வது இப்படி இருக்கும்: "தவமணியக்காவைப் பேசிட்டம். இனி உன்ட வேனும் வந்தாச் சரி." அக்காவுக்கு வேறு அலுவல் இருந்தால் வேனையும் வேறு நாளுக்கு மாற்றுவார்கள். பிளேனை மாற்ற முடியாது என்பது அப்புறம்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

முன்னுக்கு வருகிற பெண்ணுக்குப் புருசன் உயிரோடு இருக்க வேண்டும். அக்காவின் புருசன் இராசையா உயிரோடுதான் இருந்தார். ஆனால் வீட்டில் இல்லை. மீன் தொழிலுக்கென்று கற்பிட்டிக்கு அப்பால் உச்சமுனைத் தீவுக்குப் போனவர், அங்கே கருவாட்டு வாடி வைத்திருந்த அல்பொன்சாவோடு தங்கிவிட்டார். வேறு பெண்ணாக இருந்தால் மண் அள்ளித் தூற்றியிருப்பாள். அக்கா கற்பிட்டிப் பக்கம் இருந்து யார் வந்தாலும் பிடித்து நிறுத்திக் கேட்பார்: "அந்த மனுசன் சாப்பிடுறாரா? இருமல் எப்படி?" கொத்தமல்லி கட்டி அனுப்புவார். நல்லெண்ணெய் அனுப்புவார். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பனடோல் கார்ட்டும் கம்பளியும் கொடுத்து என்னையே கற்பிட்டிக்கு ஓடச் சொன்னார்.

"அக்கா, உங்கள விட்டுட்டுப் போன ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எனக்கு அந்த மனுசன் வேணாம்டா. அவர்ட உசிரு மட்டும் இருந்தாப் போதும். அது போச்சுதெண்டா என்னை ஆரு கூப்பிடுவாங்க?"

இறங்குதுறையில் அல்பொன்சாவைக் கண்டு கம்பளியைக் கொடுத்தேன். கறிக்கு உறைப்பு அதிகம் போட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டதையும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவ்வளவு அக்கறை இருந்தா வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணே! நான் பாயும் சேர்த்துத் தாறேன்." இதை நான் அக்காவிடம் சொன்னதும் அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. "ஐயோ வேணாம்! இங்க வந்தா என்னோட சண்டை பிடிச்சே செத்துப்போயிருவார்."

அவர் பயப்பட்டதிலும் நியாயம் இருந்தது. புருசன் செத்த பெண்கள், பயணம் வெளிக்கிடும் நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பவளத்தின் புருசன் கடலில் போனவர். வேன் வந்து நின்றதும், "பவளம், உள்ளுக்குப் போடி!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவதும் தவமணியக்காதான். தனக்கு அந்த நாள் வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது குலசேகரத்தின் பயணத்துக்கு வருகிறேன். வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள், ஊர் ஓரத்தில், களப்புக் கரையில் ஓலைக் குடிசை போட்டு இருந்தார்கள். அங்கே ஒரு தாய் தன் மகன் குலசேகரத்தைக் கட்டாருக்கு அனுப்ப வேன் பேசினாள். உடப்பில் வாழ வந்தால் உடப்புச் சட்டம்தானே, அக்காவையும் பேசிவிட்டாள். பின்னேரம் பிளேன். காலையில் போய்க் குடிசைக்கு முன்னால் வேனை நிறுத்தினேன். வழக்கம்போலத் துவாயை எடுத்து, கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு முகத்தை மூடிக்கொண்டேன்.

வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு, முகத்தை மூடிக்கொண்டு வாகனத்தில் இருக்கிறவன் என்றால் ஒரே ஒரு ஆள்தான். தலையாட்டி. ஆமி கொண்டுவந்து இருத்துகிறவன். அவன் தலையை ஆட்டினால் எதிரே நிற்கிற ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கோ துவாய் மூக்கில் உரசித் தும்மல் வந்தது. தும்மினேன். தலை ஆடிவிட்டது.

"தலையாட்டி வந்திட்டான்!" என்று எங்கேயோ ஒரு குரல். அடுத்த நிமிடம் குடிசைகளில் இருந்து இளந்தாரிகள் எல்லோரும் களப்பை நோக்கிப் பறந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது குலசேகரம். கட்டாருக்கென்று வாங்கிய புது நீளக்காற்சட்டை, புதுச் சப்பாத்து. சப்பாத்தோடேயே தண்ணீரில் இறங்கிவிட்டான். தாய் கையில் பாஸ்போட்டோடு பின்னால் ஓடினாள். ஒழுங்கை முனையில் இருந்து செம்போடு நடந்து வந்த தவமணியக்காவுக்கு எதிரே ஒரு நாய்தான் நின்றது.

"நான் ஆருக்கடா முன்னுக்கு வாறது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் துவாயைக் கழற்றிக்கொண்டு கரைக்கு ஓடினேன். "தம்பி, வாங்க! நான் வேன்காரன்! உங்களை ஏத்த வந்தவன்!"

கழுத்தளவு தண்ணீரில் நின்று அவன் கேட்டான்: "அப்ப ஏன் முகத்தை மூடினனீங்கள்?"

"என்ட மூஞ்சி சரியில்லையாம், தம்பி."

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு ஆளை அப்படி ஊன்றிப் பார்ப்பது மரியாதை இல்லை, ஆனாலும் பார்த்தான். பிறகு சொன்னான்: "அவ்வளவு மோசமில்லையே, அண்ணை."

என் வேன் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சி அது. அக்கா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பயணம் பிழைத்துவிட்டது, முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றார். குலசேகரம் நீர் சொட்டச் சொட்டத் திரும்பக் குடிசைக்குள் போனான். நான் திரும்ப முகத்தை மூடினேன். அப்போதுதான் கரை ஏறிக்கொண்டிருந்த இன்னொருவன் என்னைக் கண்டு மறுபடியும் தண்ணீரில் விழுந்தான்.

ஒருவழியாக அக்கா முன்னுக்கு வந்து, பயணம் வெளிக்கிட்டது. அக்காவும் வேனில் ஏறினார். எப்போதும் ஏறுவார். தெதுறு ஓயாப் பாலத்தில், ஆமியின் சென்றிப் பொயின்ற்றில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். இறங்கி ஏறினால் அது புதுப் பயணம் என்பது அக்காவின் கணக்கு. புதுப் பயணத்துக்குப் புதிதாக முன்னுக்கு வர வேண்டும். ஆகவே அவர் முதலில் நடந்து முடித்து, செம்பைத் தூக்கிக்கொண்டு, சனமெல்லாம் போகிற பக்கத்துக்கு எதிராகத் திரும்பி நடந்து வந்தார்.

அன்றைக்கு அங்கே புதிதாக வந்த ஆமிக்காரன் ஒருவன் நின்றான். மாவிலை மூடின செம்போடு ஒரு பொம்பிளை தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் துவக்கைத் தூக்கிவிட்டான். எனக்குச் சிங்களம் தெரியும். "தண்ணிதான், தண்ணிதான்" என்று கத்தினேன். தண்ணி என்றால் குடித்துக் காட்டச் சொன்னான். அக்கா குடித்தார். இன்னும் குடி என்றான். முழுவதையும் குடித்தார். அவன் துவக்கை இறக்கி, போகச் சொன்னான்.

அக்கா போகவில்லை. பாலத்து வாசலில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். "வெறும் செம்போட நான் எப்படிடா நடக்கிறது? இவன்ட மூஞ்சியவிட அது மோசம்!" என்று என்னைக் காட்டி ஆமிக்காரனிடமே தமிழில் முறையிட்டார்.

நான் நடந்ததை எல்லாம் சிங்களத்தில் சொன்னேன். என் முகத்தின் விசயத்தையும் சொல்ல வேண்டி வந்தது. அவன் என்னைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான், போய்த் தங்கள் பெரியவரைக் கூட்டி வந்தான். பெரியவர் வயதான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தங்கள் ஊரிலும் வழியில் நிறைகுடம் கண்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள் என்றார். தங்கள் பீப்பாவில் இருந்து செம்பை நிரப்பச் சொன்னார். அந்த இளம் ஆமிக்காரனே நிரப்பி, இரண்டு கையாலும் கொடுத்தான். பிறகு அக்கா நடந்து வர, சென்றியில் நின்றவர்கள் எல்லாம் வழிவிட்டு ஒதுங்கினார்கள். என் வேனைச் சோதிக்க மறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் லீவில் வீட்டுக்குப் போகிற நாள் எங்கள் வேன் வந்தால், அக்காவைத் தனக்கும் ஒருமுறை முன்னுக்கு வரச் சொல்லிக் கேட்பார். அக்கா வருவார். ஆள் பார்க்க மாட்டார்.

குலசேகரம் பிளேன் ஏறிவிட்டான். பெயர் அக்காவுக்கு. போகிறவன் என் முகத்தைத் தண்ணீருக்குள் நின்று ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் போனான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த மழைக்கு இராசையா செத்தார். தோணியால் இறங்கி, அல்பொன்சாவிடம் தேத்தண்ணி கேட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லையாம். செய்தி வந்தபோது அக்காவின் கையில் செம்பு இருந்தது. மறுநாள் காலை ஒரு பயணத்துக்கு அதைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் பொறுக்க ஏலாமப் போச்சே இந்த மனுசனுக்கு" என்றார். பிறகுதான் அழுதார். நிறைய அழுதார். அது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அந்தப் பயணத்துக்கு வேறு ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். துவாய்க்குள் இருந்த எனக்கு, அக்காவின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யாரும் கத்தவில்லை. அவராகவே சாத்திக்கொண்டார். அதன்பிறகு என் வேன் ஒழுங்கையில் திரும்பினாலே அந்தக் கதவைச் சாத்துவார். நான் சாமான் வாங்கப் போனாலும் சாத்துவார். "அக்கா, நான் அரிசிதான் ஏத்தப் போறேன்" என்று வெளியே நின்று கத்துவேன். "அரிசிக்கும் ஒண்டும் ஆகிரக்கூடாதுடா" என்று உள்ளே இருந்து குரல் வரும்.

பிரான்சில் இருந்த மகள் சந்திரவதனா தாயைக் கூப்பிட்டாள். விசா வந்தது. அக்கா பின்பக்க வேலியால் வந்து என்னிடம் வேன் பேசினார்.

"ஆர் அக்கா முன்னுக்கு வாறது?"

"ஆரும் வேணாம். நீ வேனக் கொண்டுவா."

போன அன்று ஒழுங்கையில் ஒரு குஞ்சு இல்லை. அவர் எத்தனையோ பேரை அனுப்பின ஒழுங்கை அது. பவளத்தின் கதவு மட்டும் திறந்திருந்தது. பவளம் வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, நான் உள்ளுக்குப் போகட்டா?" நையாண்டியா, உண்மையாகத்தான் கேட்டாளா, எனக்குத் தெரியாது.

"நில்லடி" என்றார் அக்கா. "நல்லா நில்லு."

நான் பழக்கத்தில் முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின் சீற்றில் ஏறினார். தெதுறு ஓயாவில் இறங்கி நடந்து ஏறினோம். அந்தப் பெரியவர் நின்றார். செம்பு எங்கே என்று கேட்டார். புருசன் செத்ததைச் சொன்னேன். "அப்படியென்றால் இவருக்கு முன்னால் யார் வருவது?" என்று கேட்டார். அதை நான் தமிழில் சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எயார்போட்டில் அந்தக் காலம் வாகனங்களை வெளியேயே நிறுத்திவிடுவார்கள். பயணம் போகிறவர் மட்டும் அங்கிருந்து பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். நான் பெட்டியை இறக்கி வைத்தேன். பஸ் வந்து நின்றது. அக்கா ஏறவில்லை. கைப்பையைத் திறந்து, பழைய சீலைத் துண்டில் சுற்றிய செம்பை எடுத்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதை விளிம்புமட்டும் நிரப்பினார். என் கையில் தந்தார்.

"அங்கால, அந்த லாம்புக்கம்பத்தடிக்குப் போ. அதில இருந்து என்னைப் பார்த்து நடந்து வா."

"நானா? என்ட மூஞ்சியா அக்கா?"

"வேற ஆர் இருக்கிறாங்க?"

சுற்றிலும் துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். பஸ்காரன் ஹோன் அடித்தான். நான் கம்பத்தடிக்கு நடக்க, செம்புத் தண்ணீர் விரலில் வழிந்தது.

"ஊத்தாதடா, பார்த்து" என்றார் அக்கா. "மெதுவா வா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி வா. நான் கண்ண மூடிட்டு நிக்கிறேன், கிட்ட வந்ததும் சொல்லு."